புருசெல்லோசிஸ்: டாக்ஸிசைக்ளினோடு ரிஃபாம்பிசினா, ஊசியா? ஆறு வாரமும் அவசியமா?

செங்குன்றம்வாசி கேட்டது:

வணக்கம். பெரியப்பாவுக்கு 58 வயது. செங்குன்றம் பக்கம் கறவை மாடு வைத்திருக்கிறார். மூன்று வாரத்துக்கு மேல் மாலையானால் காய்ச்சல், ராத்திரி சட்டை நனைகிற அளவுக்கு வியர்வை, மூட்டுவலி, இடுப்புவலி. டைபாய்டு என்று முதலில் செஃபிக்சிம், பிறகு அசித்ரோமைசின் கொடுத்தார்கள். குறைந்த மாதிரி இருந்து திரும்பவும் வந்தது. கடைசியில் ஒரு பொது மருத்துவர் மாடு இருக்கிறதா என்று கேட்டு, புருசெல்லா (மாட்டிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் கிருமி, அது தரும் நோய்தான் புருசெல்லோசிஸ்) சோதனை எழுதினார். எஸ்ஏடி (ரத்தத்தை நீர்த்து நீர்த்து எதிர்ப்பொருள் அளவு பார்க்கும் திரட்சிச் சோதனை) 1:640, எலைசா என்ற இன்னொரு ரத்தச் சோதனையில் ஐஜிஎம் (தொற்றின் தொடக்கத்தில் வரும் எதிர்ப்பொருள்) பாசிட்டிவ்.

இப்போது டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. காலையும் இரவும், ரிஃபாம்பிசின் 600 மி.கி. காலை ஒரு வேளை. இரண்டும் 6 வாரம். இன்று ஆறாம் நாள். காய்ச்சல் விட்டுவிட்டது, இடுப்புவலி மட்டும் அப்படியே இருக்கிறது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும், பிரஷருக்கு அம்லோடிபினும் ஏற்கெனவே சாப்பிடுகிறார்.

அவருக்கு மாத்திரையை நிறுத்திவிட வேண்டும். “காய்ச்சலே இல்லை, எதுக்கு?” என்கிறார். இன்னொரு பக்கம் உறவினர் ஒருவர், இதற்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிதான் சரி, மாற்றிக்கொள்ளுங்கள் என்கிறார். எது சரி? காலை மாத்திரையை ஃபில்டர் காபியோடு போடுகிறார், நெஞ்செரிகிறது என்று ஜெல் மருந்தும் குடிக்கிறார். அதனால் பாதகம் உண்டா? கன்று வீசிய (குறைமாதத்தில் கரு கலைந்த) ஒரு மாட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால்தான் எடுத்திருக்கிறார். அந்த மாட்டுக்கு ஊசி போட்டால் சரியாகுமா? வீட்டில் மற்றவர்களும் மாத்திரை சாப்பிட வேண்டுமா?

உள்மருத்துவர்_கீழ்ப்பாக்கம்:

நிறுத்தக் கூடாது. பெரியப்பாவிடம் காரணத்தைச் சொல்லிவிடுங்கள், புரிந்தால் கேட்பார். கிருமியைப் பிடித்து அழிக்க வருகிற வெள்ளணுவுக்குள்ளேயே புகுந்து, அங்கேயே பெருகுகிற கிருமி புருசெல்லா. மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை, முதுகெலும்பு எல்லாவற்றிலும் போய் ஒதுங்கிக்கொள்ளும். மருந்து அந்த அணுவுக்குள் நுழைய வேண்டும், வாரக்கணக்கில் அங்கே நிற்கவும் வேண்டும். முதல் வாரத்திலேயே பெரும்பாலும் காய்ச்சல் இறங்கிவிடும். ரத்தத்தில் இருந்தவை குறைந்தன என்பதற்கு மேல் அதில் அர்த்தமில்லை. இரண்டாம் வாரத்தில் நிறுத்தியவர்களுக்கு அடுத்த சில மாதத்தில் அதே காய்ச்சல் திரும்புவது இந்த நோயில் வாடிக்கை.

செஃபிக்சிம் ஏன் வேலை செய்யவில்லை என்பதும் இதிலேயே அடங்கும். அது செல்லுக்குள் சரியாகப் போவதில்லை. அசித்ரோமைசின் உள்ளே போகும், ஆனாலும் இந்த நோயைத் தீர்ப்பதில் அது தேறவில்லை. சிப்ரோஃப்ளாக்சசின் போன்றவற்றைத் தனியாகக் கொடுத்தாலும் நோய் திரும்புவது அதிகம்.

ஒரே மருந்து போதாதா என்று அடுத்து கேட்பார். டாக்ஸி இந்தச் சிகிச்சையின் முதுகெலும்பு, ஆனால் தனியாகக் கொடுத்தால் நோய் திரும்பும் விகிதம் ஏறுகிறது. அதனால்தான் கூட ஒன்று. 1986-இல் உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு சொன்ன இரண்டு முறைகள்தான் இன்றும் அடிப்படை: டாக்ஸி 6 வாரத்தோடு ரிஃபாம்பிசின் 600 முதல் 900 மி.கி. 6 வாரம், அல்லது டாக்ஸி 6 வாரத்தோடு ஸ்ட்ரெப்டோமைசின் தினம் 1 கிராம் தசை ஊசி, 2 முதல் 3 வாரம். ஸ்ட்ரெப்டோமைசினுக்குப் பதிலாக ஜென்டாமைசின் கிலோவுக்கு 5 மி.கி. வீதம் தினம் ஒரு வேளை, 7 முதல் 10 நாள் கொடுப்பதும் உண்டு.

உறவினர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் ஊசி சேர்ந்த முறையில்தான் நோய் திரும்புவது குறைவு. ரிஃபாம்பிசின் கல்லீரல் நொதிகளைத் தூண்டி, டாக்ஸியின் அளவையே ரத்தத்தில் குறைத்துவிடுவது இதற்கு ஒரு காரணம். ஆனால் 58 வயது, சர்க்கரை நோயாளி. ஸ்ட்ரெப்டோமைசினும் ஜென்டாமைசினும் சிறுநீரகத்தையும் உள்காதையையும் தாக்கக்கூடியவை. காது கேட்பதும் உடல் சமநிலையும் ஒருமுறை போனால் பெரும்பாலும் திரும்பாது. கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தச் சோதனை) பார்க்காமல் இவருக்கு ஊசி போடக் கூடாது. 50 வயது தாண்டியவர்களுக்கு ஸ்ட்ரெப்டோமைசினை 750 மி.கி.யாகக் குறைப்பதும் வழக்கம். கிரியேட்டினின் நன்றாக இருந்தால் ஜென்டாமைசின் சேர்ப்பதைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் தாராளமாகக் கேட்கலாம். நீங்களாக மாற்றிக்கொள்ள வேண்டாம்.

எனக்கு இதையெல்லாம் விடக் கவலை தருவது அந்த இடுப்புவலி. புருசெல்லா முதுகெலும்பைத் தாக்கினால் அநேகமாகக் கீழ் இடுப்புப் பகுதியில்தான், எல்4, எல்5 (இடுப்புப் பகுதியின் நான்காம், ஐந்தாம் முதுகெலும்பு) பக்கம். அப்படியென்றால் 6 வாரம் போதாது. குறைந்தது 12 வாரம், அதுவும் பல நேரம் மூன்று மருந்து. அடுத்தது காசநோய். மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, முதுகுவலி, எடை குறைவு எல்லாமே அதற்கும் பொருந்தும். நம் ஊரில் ரிஃபாம்பிசினைத் தொடங்கும் முன்பே காசநோய் இல்லை என்று உறுதி செய்திருக்க வேண்டும். காசநோய் ஒளிந்திருந்து, அதற்கு ரிஃபாம்பிசினை மட்டும் ஆறு வாரம் கொடுத்தால், முக்கியமான காசநோய் மருந்தை எதிர்க்கும் கிருமியை நாமே உருவாக்கிவிடுவோம். நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்களா? முதுகுக்கு எம்ஆர்ஐ? இல்லையென்றால் இந்த வாரமே மருத்துவரிடம் கேளுங்கள்.

மருந்தாளுநர்_அயனாவரம்:

மாத்திரை போடும் முறையை நான் சொல்கிறேன், கடையில் தினம் பார்க்கும் குழப்பம் இது.

ரிஃபாம்பிசின் வெறும் வயிற்றில். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன், அல்லது சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து. டாக்ஸி அதற்கு நேர்மாறு: சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டல் குறையும். பெரியப்பாவுக்கு நடைமுறையில் இப்படி வைக்கலாம். காலை எழுந்ததும் 6 மணிக்கு வெறும் தண்ணீரில் ரிஃபாம்பிசின். 7 மணிக்கு மேல் காபி. 8:30-க்கு இட்லியோ கஞ்சியோ சாப்பிட்டுவிட்டு டாக்ஸி. இரவுச் சாப்பாட்டை 8 மணிக்கு முடித்து அடுத்த டாக்ஸி. அதற்குப் பிறகு ஒரு மணி நேரமாவது படுக்கக் கூடாது.

நெஞ்செரிச்சல் அநேகமாக இந்தக் கடைசி விஷயத்தால்தான். டாக்ஸி கேப்சூல் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கேயே புண்ணாக்கும். ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கிவிட்டு உடனே படுப்பவர்களுக்குத்தான் பெரும்பாலும் வருகிறது. ஒரு முழு டம்ளர் தண்ணீர், உட்கார்ந்தபடியோ நின்றபடியோ. விழுங்கும்போதே நெஞ்சு வலித்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இப்போது ஜெல். அதில் அலுமினியமும் மக்னீசியமும் இருக்கிறது, டாக்ஸியைக் கட்டிப்போட்டு உடம்பில் சேரவிடாது. டாக்ஸிக்கும் ஜெல்லுக்கும் இடையே குறைந்தது இரண்டு, மூன்று மணி நேரம் இடைவெளி வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை இன்னும் மோசம். ஏற்கெனவே ரத்தத்துக்குப் போன டாக்ஸி பித்தம் வழியாகக் குடலுக்குத் திரும்பி வரும்போது அதையும் பிடித்துக்கொள்ளும். முடிந்தால் இந்த ஆறு வாரம் இரும்பு மாத்திரையைத் தள்ளிவைக்கலாமா என்று கேளுங்கள். கால்சியம் மாத்திரைக்கும் இடைவெளி உண்டு. பால் விஷயத்தில் டாக்ஸி அவ்வளவு மோசமில்லை. பழைய டெட்ராசைக்ளின் பாலோடு போனால் பெருமளவு வீணாகும். டாக்ஸியில் உறிஞ்சுதல் சுமார் 20 சதவீதம்தான் குறையும். ஆனால் ரிஃபாம்பிசின் ஏற்கெனவே டாக்ஸியைக் குறைக்கிறது, அதன்மேல் காபிப் பாலும் ஏன் சேர வேண்டும்? தண்ணீரிலேயே போடட்டும்.

வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். காசநோய்க்கு ரிஃபாம்பிசினும் ஐசோனியசிடும் சேர்ந்த மாத்திரைதான் கடைகளில் அதிகம் புழங்கும். அட்டையில் ரிஃபாம்பிசின் என்ற ஒரே மருந்தின் பெயர் மட்டும் இருக்க வேண்டும். மருந்துச் சீட்டில் நோயின் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். ரிஃபாம்பிசின் எச்1 பட்டியல் மருந்து, சீட்டு இல்லாமல் தரக் கூடாது, பதிவேட்டில் குறிக்க வேண்டும். 42 நாளுக்கு டாக்ஸி 84 கேப்சூல். பாதியை இப்போது வாங்கி, மீதியை மறந்துபோவதுதான் சிகிச்சை அறுந்துபோக முக்கியக் காரணம். அலமாரியில் கிடக்கும் காலாவதியான டாக்ஸியைச் சேர்த்துப் போட வேண்டாம். கெட்டுப்போன டெட்ராசைக்ளின் வகை மருந்து சிறுநீரகத்தைக் கெடுத்தது பதிவாகியிருக்கிறது.

சிறுநீர், வியர்வை, கண்ணீர் எல்லாம் ஆரஞ்சு நிறமாகும். ரிஃபாம்பிசினின் நிறம் அது, பயம் வேண்டாம். வெள்ளை வேட்டியில் கறை பிடிக்கும், அவ்வளவுதான். கண் வெள்ளைப் பகுதி மஞ்சளானால் அது வேறு, அன்றே மருத்துவரிடம். டாக்ஸி சாப்பிடும்போது வெயிலில் தோல் சீக்கிரம் சிவந்து எரியும். பகல் வெயிலில் மேய்ச்சலுக்குப் போகிறவர் என்றால் முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டும் அவசியம்.

ஒரு வேளை மறந்தால் ஞாபகம் வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிட வேண்டும், இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது.

செங்குன்றம்வாசி:

இருவருக்கும் மிக்க நன்றி. நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தாயிற்று, சுத்தம் என்றார்கள். எம்ஆர்ஐ எடுக்கவில்லை, நாளைக்கே கேட்கிறேன் டாக்டர். இன்னொன்று. வெறும் வயிற்றுச் சர்க்கரை எப்போதும் 120, 130-தான் இருக்கும். இன்று காலை 190. சாப்பாடு மாறவில்லை. மருந்தாலா?

உள்மருத்துவர்_கீழ்ப்பாக்கம்:

ரிஃபாம்பிசினாக இருக்க வாய்ப்பு அதிகம். டாக்ஸிக்குச் செய்வதையே அது கிளிமிபிரைடுக்கும் செய்யும்; உடம்பு அதை வேகமாகக் கழித்துவிடும், அதனால் சர்க்கரை ஏறும். அம்லோடிபினும் அப்படித்தான், ஆகவே பிரஷரையும் வாரம் இரண்டு முறை பாருங்கள். வார்ஃபரின், கருத்தடை மாத்திரை, சில கொழுப்பு மாத்திரைகள் என்று இந்தப் பட்டியல் நீளம். அவர் சாப்பிடும் எல்லா மருந்தையும் ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள்.

சர்க்கரை மருந்தை மருத்துவர் கூட்டிக் கொடுப்பார், அல்லது சில வாரத்துக்கு இன்சுலினுக்கு மாற்றுவார். பலர் கோட்டை விடுவது இதன் மறுபாதியில். ரிஃபாம்பிசின் முடிந்த பிறகு அந்தத் தூண்டல் சுமார் இரண்டு வாரத்தில் அடங்கும். கூட்டிய கிளிமிபிரைடை அப்படியே தொடர்ந்தால் அப்போது சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். 42-ஆம் நாளுக்கு அடுத்த இரண்டு வாரமும் வீட்டில் சர்க்கரை பார்த்து, மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இதை இன்றே காலண்டரில் குறித்துவையுங்கள்.

கல்லீரல் சோதனை தொடக்கத்தில் எடுத்திருப்பார்கள். இரண்டாம் வாரத்தில் ஒருமுறை திரும்ப எடுப்பது நல்லது, குடிப்பழக்கம் இருந்தால் கட்டாயம்.

வேறு எதற்கெல்லாம் காத்திருக்காமல் போக வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன்: விதைப்பை வீங்கி வலிப்பது, மூச்சிரைப்பு, கடும் தலைவலியோடு குழப்பம், காலில் பலம் குறைவது. இந்த நோயில் உயிர் போவது அரிது. போனால் பெரும்பாலும் இதய வால்வைக் கிருமி தாக்கியதால்தான். மூச்சிரைப்பு வந்தால் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தாக வேண்டும்.

ஆய்வகம்_தாம்பரம்:

சோதனை பற்றி மட்டும். எஸ்ஏடி 1:160-ம் அதற்கு மேலும், அறிகுறியும் இருந்தால், நோய் என்று எடுப்பது வழக்கம். மாடு வளர்ப்பவர்களுக்குப் பழைய தொடர்பாலேயே கொஞ்சம் இருக்கும் என்பதால் அவர்களுக்கு 1:320 வைத்துப் பார்ப்பதும் உண்டு. 1:640-ம் ஐஜிஎம்மும் இந்த அறிகுறியோடு நன்றாகப் பொருந்துகின்றன.

காலரா கிருமி, யெர்சினியா ஓ:9 ஆகியவற்றோடு இந்தச் சோதனை குழம்பும். இன்னொரு பக்கம், எதிர்ப்பொருள் மிக அதிகமாக இருந்தால் ரத்தத்தைக் குறைவாக நீர்த்த ஆரம்பக் குழாய்களில் திரட்சியே தெரியாமல் நெகட்டிவ் போலக் காட்டும். ஆகவே சந்தேகம் வலுவாக இருந்தால் இன்னும் மேலே நீர்த்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் ரத்த கல்ச்சர் (ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்ப்பது) எடுத்திருந்தால் இன்னும் உறுதி. இனி யாருக்காவது எடுத்தால் படிவத்தில் “புருசெல்லா சந்தேகம்” என்று எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். ஆய்வகத்தில் வேலை செய்பவருக்குக் காற்று வழியாகத் தொற்றுவதில் முன்னணியில் இருக்கும் கிருமி இது. தெரிந்தால் பாதுகாப்புப் பெட்டிக்குள் வைத்துக் கையாளுவோம், பாட்டிலை உரிய நாள் வரை வைத்துப் பார்ப்போம்.

சிகிச்சை முடிந்ததும் எஸ்ஏடி எடுத்து “இன்னும் 1:160 இருக்கிறதே” என்று பயப்பட வேண்டாம். அளவு மாதக்கணக்கில்தான் இறங்கும், ஐஜிஜி என்ற இன்னொரு வகை எதிர்ப்பொருள் அதற்கும் மேல் நீடிக்கும். எண்ணுக்கு மருந்து கொடுப்பதில்லை. இறங்கியது திரும்ப ஏறுகிறதா, காய்ச்சல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

கால்நடை_வேப்பேரி:

மாட்டுக்கு ஊசி போட்டுத் தீர்க்க முடியாது. கிருமி மடியிலும் நிணநீர்ச் சுரப்பியிலும் ஒளிந்திருக்கும். ஆன்டிபயாடிக் போட்டால் கொஞ்ச நாள் அடங்கும், பாலில் மருந்து எச்சம் கலக்கும், மாடு நோயைப் பரப்பிக்கொண்டே இருக்கும். கன்று வீச்சு நோய் (மாட்டில் புருசெல்லோசிஸுக்கு இந்தப் பெயர்) உறுதியான மாட்டை மந்தையிலிருந்து பிரித்து வைக்க வேண்டும். பார்க்க நன்றாக இருக்கிறது என்று இன்னொருவருக்கு விற்பது நோயை விற்பதுதான், தயவுசெய்து செய்யாதீர்கள். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் சொல்லி எல்லா மாட்டுக்கும் ரோஸ் பெங்கால் ரத்தச் சோதனை, பாலுக்கு வளையச் சோதனை எடுக்கச் சொல்லுங்கள். கன்று வீசிய உடனே எடுத்த சோதனை நெகட்டிவ் வரலாம். சில வாரம் கழித்துத் திரும்ப எடுப்பது அவசியம்.

சினையின் கடைசி மூன்று மாதத்தில், அதாவது ஆறாம் மாதத்துக்கு மேல் கன்று வீசி, நஞ்சுக்கொடியும் விழாமல் தங்கினால் முதல் சந்தேகம் இந்த நோய்தான். வீசிய கன்று, நஞ்சுக்கொடி, வடிகிற திரவம் இவற்றில் கிருமி கோடிக்கணக்கில் இருக்கும். கையில் சின்னக் கீறல் போதும், கண்ணில் தெறித்தாலும் போதும். தோள் வரை வரும் கையுறை, முகக்கவசம், கண்ணாடி, ரப்பர் பூட்ஸ் இல்லாமல் தொடவே கூடாது. ஆழமாகக் குழி தோண்டி, மேலும் கீழும் சுட்ட சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். நாய் தோண்டாத ஆழம் முக்கியம். நாய் இழுத்துப் போனால் ஊர் முழுக்கப் பரப்பும். தரையைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றி ஊறவிட வேண்டும். சாணம் மூடிக் கிடந்தால் பிளீச்சிங் பயன்படாது, முதலில் அதை வாரிவிட வேண்டும்.

தடுப்பூசி உண்டு. எஸ்19 என்பது 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்கு ஒரே முறை. 2019-இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் கோமாரியோடு இதையும் சேர்த்திருக்கிறார்கள், அதன்கீழ் இலவசம். காளைக்கன்றுக்கும் சினை மாட்டுக்கும் போடக் கூடாது. இது உயிருள்ள தடுப்பூசி. போடும்போது ஊசி தன் கையில் குத்திவிட்டால் போடுபவருக்கே நோய் வரலாம். அப்படி நடந்தால் உடனே கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். டாக்ஸி, ரிஃபாம்பிசின் 3 வாரம் தடுப்புக்குக் கொடுப்பார்கள். ஆர்பி51 என்ற இன்னொரு தடுப்பூசி வகை ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படாது. எனவே எந்த ஊசி குத்தியது என்பதைப் பெயரோடு சொல்ல வேண்டும்.

பால் விஷயம். பொங்கி வரும்வரை காய்ச்சினால் கிருமி செத்துவிடும். 63 டிகிரியில் 30 நிமிடமோ, 72 டிகிரியில் 15 நொடியோ போதும் என்பதுதான் பாக்கெட் பாலைப் பதப்படுத்தும் கணக்கு. கறந்த சூட்டோடு குடிப்பது, காய்ச்சாத பாலில் தயிர் தோய்ப்பது, அபிஷேகம் செய்த பச்சைப்பாலை அப்படியே தீர்த்தமாகக் குடிப்பது மூன்றும் ஆபத்து. ஃபிரிட்ஜில் வைத்தால் கிருமி சாகாது. ஆட்டுப்பாலில் வரும் வகை மாட்டுடையதை விடக் கடுமையானது. குழந்தைக்கு நல்லது என்று பச்சை ஆட்டுப்பால் வாங்கிக் கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

செங்குன்றம்வாசி:

விளக்கத்துக்கு நன்றி சார். மந்தைச் சோதனைக்குச் சொல்லிவிட்டோம். வீட்டு ஆட்கள் பற்றி மட்டும் யாராவது சொல்லுங்கள். பெரியம்மாவும் அண்ணியும் அதே மாட்டுப் பால்தான் குடிக்கிறார்கள். அண்ணிக்கு இப்போது ஐந்தாம் மாதம்.

உள்மருத்துவர்_கீழ்ப்பாக்கம்:

பெரியப்பாவிடமிருந்து இவர்களுக்குத் தொற்றுவது மிக அரிது. சேர்ந்து சாப்பிடலாம், பழகலாம். ஆபத்து அதே பாலிலும் அதே தொழுவத்திலும்தான் இருக்கிறது. காய்ச்சிய பாலை மட்டும் குடித்து, தொழுவ வேலை செய்யாதவர்களுக்கு அறிகுறி இல்லையென்றால் மாத்திரை வேண்டாம். பச்சைப்பால் குடித்தவர்களும் கன்று வீசியபோது கூட நின்றவர்களும் ஒருமுறை ரத்தச் சோதனை செய்துகொள்வது நல்லது. இப்போது நெகட்டிவ் என்றாலும் ஆறு மாதம் வரை காய்ச்சலைக் கவனிக்க வேண்டும். நோய் வெளிப்பட வழக்கமாக 1 முதல் 4 வாரம் ஆகும், சிலருக்கு மாதங்களும் ஆகும்.

அண்ணியை மட்டும் இந்த வாரமே மகப்பேறு மருத்துவரிடம் அழைத்துப்போய், வீட்டில் புருசெல்லோசிஸ் இருக்கிறது என்று சொல்லிச் சோதனை எடுங்கள். கர்ப்பத்தில் இந்தக் கிருமி கருவைக் கலைக்கக்கூடும், நேரத்தில் சிகிச்சை எடுத்தால் பெரும்பாலும் தடுக்கலாம். பெரியப்பாவின் மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். டாக்ஸி கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பதில்லை, ஸ்ட்ரெப்டோமைசின் குழந்தையின் காதைப் பாதிக்கும். அவர்களுக்கு ரிஃபாம்பிசினை மையமாக வைத்து, மாதத்தைப் பொறுத்து கோ-ட்ரைமாக்சசோல் சேர்ப்பார்கள். முதல் மூன்று மாதத்திலும் பிரசவம் நெருங்கும்போதும் கோ-ட்ரைமாக்சசோலைத் தவிர்ப்பார்கள். 8 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் ரிஃபாம்பிசினும் கோ-ட்ரைமாக்சசோலும்தான் வழக்கம். அண்ணி தொழுவத்துக்குள் போகவே வேண்டாம், சினை மாட்டுக்குப் பிரசவம் பார்க்கும் நேரத்தில் பக்கத்திலும் நிற்க வேண்டாம்.

பெரியப்பாவுக்கு 6 வாரம் முடிந்ததும் ஒரு முறை, பிறகு 3, 6, 12-ஆம் மாதங்களில் ஒரு முறை மருத்துவரைப் பார்க்க வேண்டும். திரும்ப வருவது பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள். வந்தாலும் மருந்து தோற்றுவிட்டது என்று புதிதாக எதையாவது தேட வேண்டியதில்லை. கிருமி எதிர்ப்புத்திறன் பெற்றிருப்பது அரிது, அநேகமாக அதே மருந்துகளை முழுதாகத் திரும்பக் கொடுத்தாலே கேட்கும். அதற்கு முன் முதுகெலும்பிலோ வால்வின்மேலோ கிருமி தங்கியிருக்கிறதா என்று தேட வேண்டும். எம்ஆர்ஐ முடிவு வந்ததும் இங்கே போடுங்கள்.